தையல் விட்ட நோட்டு

நண்பர் ஒருவர் தன் ஸ்கெட்ச் நோட்டுகளிலிருந்து 40 பக்கங்களைப் பொறுக்கி, கிழித்தெடுத்து, மெல்லிய கருப்புச் சட்டம் போட்டுக் கண்காட்சி வைத்திருந்தார். போய்ப் பார்த்தேன். எல்லாமே நல்ல பக்கங்கள். ஒன்றுகூடச் சோடை இல்லை. சுவரோரமாக ஒரு சுற்று வந்து முடித்தபோது எனக்கு ஏற்பட்டதோ ஏமாற்றம். நல்ல படங்களைப் பார்த்து ஏன் ஏமாற்றம் வரவேண்டும் என்பது அன்று எனக்கே விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் முயற்சியே இது. நண்பரைக் குறை சொல்வது நோக்கமல்ல. அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அந்த நோட்டுகளை நான் ஏற்கெனவே பார்த்தவன். பத்து வருஷங்களுக்கு முன், பலமுறை கேட்டபிறகு, தயக்கத்தோடு எடுத்துக் கொடுத்தார். அவற்றில் ஒன்றில் படுத்திருக்கும் எருமை ஒன்று உண்டு. அதற்கு முந்தைய ஆறு பக்கங்களில் அதே எருமை வராமல் கிடக்கும். முதல் பக்கத்தில் கொம்பு மட்டும் கெட்டிக்காரத்தனமாக வந்து, உடம்பு மூட்டை மாதிரி இருக்கும். மூன்றாம் பக்கத்தில் கொம்பை விட்டுவிட்டு, மிருகத்தின் எடை தரையில் எந்த இடத்தில் இறங்குகிறது என்று தேடியிருப்பார். ஐந்தாவதில் நாலைந்து கோடுகள்தான். அதை எருமை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏழாவதில் எருமை இருக்கும். சுவரில் இப்போது தொங்கியது இந்த ஏழாவது பக்கம் மட்டும். முன்பு பார்த்தபோது அடைந்து பெற்ற ஒன்றாகத் தெரிந்தது, இப்போது அந்தக் கைக்கு இயல்பாகவே வரக்கூடிய ஒரு லாவகமாகத் தெரிந்தது. 40 சட்டங்களிலும் இதே கதை. தேடல் போய் சாமர்த்தியம் மிஞ்சியிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், 'எங்கே பார்த்தாலும் இவர் கோடு என்று சொல்லிவிடலாம்' என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

கோடு ஓவியனின் கையெழுத்து என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் நமக்கும் பங்கு உண்டு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தமிழ்ச் சிறு பத்திரிகைகள் நவீன ஓவியத்தைத் தம் பக்கங்களுக்குள் கொண்டுவந்தன. வெகுஜனப் பத்திரிகைகளின் வழவழப்பான பெண் முகங்களுக்கு மாற்றாக அது நிகழ்ந்ததை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம், நியாயந்தான். ஆனால் வந்தவை பெரும்பாலும் கோட்டோவியங்களாகவே இருந்ததற்கு ரசனை மட்டும் காரணமல்ல. ஹாஃப்டோன் பிளாக்குக்குச் செலவு அதிகம், வழவழப்பான காகிதமும் வேண்டும். லைன் பிளாக் சாதாரணக் காகிதத்தில், சாதாரண அச்சு இயந்திரத்தில், எழுத்தோடு எழுத்தாக ஓடிவிடும். வர்ணம் கட்டுப்படியாகாது என்பதால் நவீன ஓவியம் தமிழ் வாசகனுக்குக் கருப்புக் கோடாக அறிமுகமாயிற்று. வறுமை ஒரு அழகியலைத் தந்தது. அதைப் பழிக்க வேண்டியதில்லை.

விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கவிதையின் மேலோ கதையின் ஓரத்திலோ மூன்று அங்குலத்தில் அச்சான கோடு, யாருடையது என்று உடனே தெரியும்படி இருந்தால் போதும் என்றாகிவிட்டது. கையெழுத்துப் போல. கையெழுத்தின் உபயோகம் பாங்க் செக்கில்தான். நேற்றுப் போட்டது போலவே இன்றும் போட்டாக வேண்டும், மாறினால் செல்லாது.

கே. எம். ஆதிமூலத்தின் பெயர் இங்கே தவிர்க்க முடியாதது. சென்னை ஓவியக் கல்லூரியில் 1966 வரை படித்தவர். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் காந்தியைக் கோட்டில் வரிசையாக வரைந்தவர். அந்த வரிசையில் காந்தியின் உருவம் முதலில் அடையாளம் தெரியும் ஒருவராக இருந்து, போகப்போகக் கோடுகளின் அடர்த்தியாக, ஒரு உடம்பு காற்றில் விட்டுச் செல்லும் அழுத்தமாக ஆகிவிடுகிறது. பிறகு அரசர்கள் வந்தார்கள். கிரீடமும் மீசையும் நகையும் கோட்டின் பின்னலில் கட்டுண்டும் சிதைந்தும் கிடப்பவர்கள். அவரைப் பின்பற்றியவர்கள் எடுத்துக்கொண்டது இந்தப் பின்னலை. அவரோ அங்கேயே நிற்கவில்லை. எண்ணெய் வர்ணத்தில், உருவமே இல்லாத பரப்புகளுக்குப் போனார். 2008இல் இறக்கும்வரை கோட்டையும் விடவில்லை, அதற்குக் கட்டுப்படவுமில்லை. அவருடைய கோடு நமக்கு முத்திரையாகப் பட்டிருக்கிறது. அவருக்கு அது நடந்துபோகும் வழி. கால்தடத்தை எடுத்துச் சட்டம் போட்டுக்கொண்டு, நடையை விட்டுவிட்டோம்.

அவருக்கு ஆசிரியர் தலைமுறையான கே. சி. எஸ். பணிக்கர் 1963 முதல் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கான்வாஸ்களின் முன் நின்றவர்களுக்குத் தெரியும். ஜாதகக் கட்டங்கள், கணக்குகள், படிக்க முடியாத லிபி, ஓரத்தில் ஒரு மீன், ஒரு பறவை என்று யாரோ அவசரமாகக் குறித்துவைத்த நோட்டின் பக்கம் பெரிதாக்கப்பட்டதுபோல் இருக்கும். அழகாக அமைக்க வேண்டும் என்ற கவலையில்லாமல் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக இருப்பதற்கு நோட்டுத் தாள் தரும் சுதந்திரத்தைக் கான்வாஸுக்குக் கொண்டுபோனவர் அவர். நண்பரின் கண்காட்சி இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. கான்வாஸின் கௌரவத்தை நோட்டுக்குக் கொண்டுவருகிறது.

இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிலும் கோட்டோவியம் உலகில் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், அது கையெழுத்தை உதறும் திசையில் போயிருப்பது தெரியும். 1953இல் ராபர்ட் ரோஷன்பர்க் என்ற இளைஞர், அன்று புகழின் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த வில்லெம் டி கூனிங்கிடம் ஒரு கோட்டோவியத்தைக் கேட்டு வாங்கி, ரப்பரால் அழித்து, அழித்த தாளையே தன் படைப்பாக வைத்தார். குறும்பு என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒரு மேதையின் கையெழுத்தை அழித்த பிறகும் தாளில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி குறும்பல்ல. தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் இதை வேறு விதமாகச் செய்கிறார். ஒரே தாளில் கரிக்கோலால் வரைவது, காமிராவிடம் நடந்துபோய் ஒரு பிரேம் எடுப்பது, திரும்பி வந்து கொஞ்சம் அழித்து மாற்றுவது, மறுபடி காமிராவிடம் போவது. படம் ஓடும்போது அழிக்கப்பட்டதன் கறை தாளில் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். தன் தேசத்தில் நடந்ததை மறக்க விரும்பியவர்களுக்கு நடுவே, சுத்தமாக அழியாத தாளைவிடப் பொருத்தமான சாதனம் அவருக்குக் கிடைத்திருக்க முடியாது. தவறான கோடும் சரித்திரம் என்பதை அந்தத் தாள் ஏற்றுக்கொள்கிறது.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விட நெருக்கமானவர் நஸ்ரீன் முகமதி. 1937இல் கராச்சியில் பிறந்தார், 1972இலிருந்து பரோடாவில் ஆசிரியராக இருந்தார், 1990இல் மறைந்தார். பென்சில், மை, கட்டிடப் படம் போடுகிறவர்களின் கருவிகள் ஆகியவற்றைக் கொண்டு தாளில் மெல்லிய இணைகோடுகளை இழுத்தார். உருவம் இல்லை, கதை இல்லை. படங்களுக்குத் தலைப்பு இல்லை. பெரும்பாலும் தேதியும் இல்லை. கடைசி வருஷங்களில் உடம்பின் அசைவுகள் அவர் வசத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சமயத்துக் கோடுகள்தான் மிகவும் துல்லியமானவை. அவர் வைத்திருந்த டைரிகளில் எழுதிய வாக்கியங்களுக்கு மேலேயே மையால் பட்டைகள் அடித்திருக்கிறார். வார்த்தை மறைந்து அந்த நாள் ஒரு கருப்புக் கட்டமாகிவிடுகிறது. எழுதுகிற நாம் இந்தப் பக்கங்களின்முன் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அந்தரங்கமானது என்று நாம் நினைக்கும் நோட்டில் அவர் தன்னைக் கொட்டவில்லை, தன்னைக் குறைத்துக்கொண்டிருந்தார். கையெழுத்துக்கு இடமே இல்லாத, ஸ்கேலால் இழுத்த கோடு அது. ஆனாலும் வேறு யாருடையதாகவும் அது இருக்க முடியாது. சொந்தத் தன்மை என்பது தேடிப் போய் அடைவதல்ல, வேறொன்றைத் தேடுகிறபோது கூடவே படிவது என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் எழுதுகிறவனுக்கு என்ன யோக்யதை என்று கேட்கலாம். நான் ஓவியன் அல்ல. இருபது வருஷங்களாகக் கோட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவன், ஒரு கோடு போட்டதில்லை. கண்காட்சி முடிந்த வாரம் 192 பக்கக் கோடு போடாத பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கினேன். நல்ல காகிதம் வாங்கினால் நல்ல படம் போடவேண்டுமென்ற பயம் வந்துவிடும். பால்பாயின்ட் பேனா. அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, தேதி போட வேண்டும். இவ்வளவுதான் விதி.

முதல் 30 பக்கங்களில் நடந்தது எனக்கு வெட்கத்தைத் தருவது. பார்த்தது எதுவும் தாளில் வரவில்லை. படித்ததும் ரசித்ததும் வந்தன. காளை வரைந்தால் அதன் துடையில் ஆதிமூலத்தின் பின்னல் வந்து உட்கார்ந்தது. மரம் வரைந்தால் எங்கோ பார்த்த வான்கோவின் சுழி. கற்றுக்குட்டிக் கையில் நடுக்கம் இருக்கும், அதில் ஒரு நேர்மையாவது மிஞ்சும் என்று எண்ணியிருந்தேன். ஒரு கோடுகூடப் போட்டறியாத கையிலும் இரவல் பாணி முன்கூட்டியே குடியேறியிருக்கிறது. கவிதை எழுதத் தொடங்கும் இளைஞர்களிடம் இதை நான் எத்தனை முறை எள்ளலோடு சுட்டிக்காட்டியிருக்கிறேன்!

கிமோன் நிக்கோலைடஸ் என்ற நியூயார்க் ஆசிரியரின் பாடமுறை 1941இல் புத்தகமாக வந்தது. அதன் முதல் பயிற்சி, தாளைப் பார்க்காமல் வரைவது. கண் பொருளின் விளிம்பில் ஊர வேண்டும், பேனா தாளில் அல்லாமல் அந்தப் பொருளையே தொட்டுக்கொண்டிருப்பதாக நம்ப வேண்டும், கண் நகரும் வேகத்துக்கு மேல் கை நகரக் கூடாது. செய்து பார்த்தேன். வந்த உருவங்கள் கோணலாக, வாய் இருக்கவேண்டிய இடத்தில் காது இருந்தன. ஆனால் பின்னல் இல்லை, சுழி இல்லை. தாளைப் பார்க்காதபோது இரவல் வாங்க வழியில்லை. பாணி என்பது பொருளைப் பார்க்கும்போது நேர்வதல்ல, தாளைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும்போது நேர்வது என்று அன்று எனக்குப் பட்டது.

ஒருநாள் அக்கா அடுக்களையில் அரிவாள்மணையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து வரைந்தேன். நாலு பக்கம் வீண். ஐந்தாவதில்தான் கவனித்தேன்: அரிவாள்மணையில் கத்தி அசைவதில்லை. பலகையை ஒரு கால் அழுத்திக்கொண்டிருக்க, காய்தான் கத்தியிடம் போய் வருகிறது. இரண்டு கைகளும் காயைப் பிடித்து முன்னே தள்ளுகின்றன. விரல்கள் வெட்டுவதற்காக நீளவில்லை, வெட்டுப்படாமலிருக்க மடங்கியிருக்கின்றன. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் விஷயம். அதைவிட முக்கியம், சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறுகதையின் அடுக்களை வர்ணனையைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தக் கதையில் அரிவாள்மணையின் முன் உட்கார்ந்த பெண்ணின் கை கோபத்தில் 'ஓங்கி இறங்கும்'. அந்த ஆசிரியர் பார்க்கவில்லை. அதைப் புகழ்ந்த விமர்சகனும் பார்க்கவில்லை. அரிவாள்மணையில் கோபம் வந்தால் அது காலில் தெரியும், பலகையை அழுத்தும் விதத்தில் தெரியும். தெரிந்திருந்தால் அது வேறு கதை.

அக்காவிடம் பக்கத்தைக் காட்டினேன். 'இது என் கை மாதிரியே இல்லையேடா' என்றாள். சற்றுப் பார்த்துவிட்டு, 'ஆனா காய் வழுக்குறது வந்திருக்கு' என்றாள். என் எழுத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமான விமர்சனம் எனக்கு வந்ததில்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும் என்பது எனக்குத் தெரியும். தனக்குத்தானே நோட்டு வைத்துக்கொண்டு, வாழைக்காயையும் டம்ளரையும் வரைந்துகொண்டிருப்பது, சமூகத்துக்கு முதுகைக் காட்டி உட்காரும் சுகஜீவனம் அல்லவா? நண்பர்கள் சிலர் இப்படித்தான் கேட்பார்கள். அவர்களுக்கு நான் காட்ட விரும்பும் நோட்டு சோம்நாத் ஹோருடையது. 1921இல் சிட்டகாங்கில் பிறந்தவர். வங்கப் பஞ்சத்தின்போது அவரை வரையத் தூண்டியவர் சித்தப்ரசாத். அந்தச் சித்தப்ரசாத் 1943இல் மிதுனாபுரிப் பகுதியில் நடந்து திரிந்து வரைந்ததும் எழுதியதும் 'பசித்த வங்காளம்' என்ற பெயரில் புத்தகமாக வந்தபோது, பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறித்து அழித்தது. கோட்டுக்கு அவ்வளவு பயந்திருக்கிறார்கள். 1946 டிசம்பரில் ஹோர், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுக் குத்தகை விவசாயிகள் நடத்திய தேபாகா போராட்டத்தைப் பதிவு செய்ய ரங்கபூர் கிராமங்களுக்குப் போனார். அந்த டைரியில் எழுத்தும் கோடும் ஒன்றாகவே ஓடுகின்றன. கூட்டம், அறுவடை, இரவில் பேசிக்கொண்டிருக்கும் முகங்கள். கலைநயத்துக்கு நின்று நிதானிக்க அவகாசமில்லாத கோடுகள்.

கதை அதோடு முடியவில்லை. 1971இல் தொடங்கி அவர் 'காயங்கள்' என்ற அச்சு வரிசையைச் செய்தார். மெழுகு, களிமண் பரப்புகளில் கத்தியால் கீறி, சூடு வைத்து, அதிலிருந்து அச்சு எடுத்து, வெள்ளைக் காகிதக் கூழை அழுத்தி எடுத்தவை. வெள்ளையில் வெள்ளை. மனிதர் யாரும் இல்லை. தாளின் தோல் கிழிந்திருக்கிறது. 1946இன் நோட்டுக்கும் 1971இன் வெள்ளைத் தாளுக்கும் இடையே 25 வருஷங்கள். பஞ்சத்திலும் போராட்டத்திலும் பார்த்த உடம்புகள் அந்தக் காலம் முழுவதும் கையில் இருந்திருக்கின்றன. உருவம் உதிர்ந்து கீறல் மட்டும் வெளிவர அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. எந்த நோட்டு அந்தரங்கம், எந்த நோட்டு சமூகம் என்று இங்கே பிரிக்க முயல்பவர்கள் முயன்று பார்க்கட்டும்.

காலம் பிடிக்கிறது என்பதைத்தான் இன்றைய பழக்கம் மறுக்கிறது. பிக்காஸோ இறந்தது 1973இல். அவருடைய 175 நோட்டுகள் இருப்பது பொதுவாக உலகுக்குத் தெரியவந்தது 1986இல் நியூயார்க்கில் நடந்த காட்சியில். ஒவ்வொரு கிறுக்கலையும் காசாக்கத் தெரிந்த மனிதர் நோட்டை மட்டும் தன்னிடமே வைத்திருந்தார். இன்று மாலை வரைந்த பக்கம் இன்றிரவே செல்போன் வழியாக நூறு பேரிடம் போய்விடுகிறது. இதனால் எத்தனையோ பேர் வரையத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதை மறுக்கமாட்டேன். 2007இல் தொடங்கிய நகர வரைவோர் இயக்கம் போன்றவற்றால் தெருவோரம் நோட்டோடு உட்காருகிறவர்களை நம் ஊர்களிலும் பார்க்கிறோம், வரவேற்க வேண்டியது. ஆனால் காட்டப்போகிறோம் என்று தெரிந்து தொடங்கும் பக்கத்தில் மூன்றாவது எருமையும் ஐந்தாவது எருமையும் வராது. நேராக ஏழாவதை வரைய முற்படுவோம். ஏழாவது எருமைக்குக் கைவசம் ஒரு வழிதான் உண்டு: முன்பு பாராட்டு வாங்கிய எருமையைத் திரும்பப் போடுவது. நோட்டு என்பது தோற்பதற்கு நமக்கிருக்கும் ஒரே இடம். அதையும் மேடையாக்கிவிட்டால் வேறெங்கே போய்த் தோற்பது?

கவிதை எழுதுகிறவர்களும் யோசிக்க வேண்டிய விஷயம் இது. கையெழுத்துப் பிரதியில் அடித்தல் திருத்தல்களோடு கவிதை இருந்த காலம் போய், அழித்த வரி தடமின்றி மறையும் திரையில் எழுதுகிறோம். கென்ட்ரிட்ஜின் தாளில் இருக்கும் கறை நம்மிடம் இல்லை. சுத்தமாக இருக்கிறது. அந்தச் சுத்தம் நம் வரிகளில் தெரிகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

போன மாதம் நண்பர் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. 'நோட்டை யாரும் வாங்கமாட்டார்கள், பக்கத்தைத்தான் வாங்குவார்கள். 40இல் 11 போயிற்று, வாடகை பாக்கி தீர்ந்தது' என்றார். இதற்கு என்னிடம் பதிலில்லை. நோட்டைக் கிழிக்காமல் பிழைக்க ஒரு ஓவியனுக்கு நாம் என்ன வழி செய்து வைத்திருக்கிறோம்? படம் கேட்டு வாங்கிப் போடும் நம் பத்திரிகைகள் எத்தனை ஓவியர்களுக்கு எவ்வளவு கொடுத்திருக்கின்றன என்ற கணக்கை நான் இங்கே எடுக்க விரும்பவில்லை.

எழுந்திருக்கும்போது எருமை இருந்த நோட்டைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். தையல் பைண்டிங். அப்படிப்பட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால், நூலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதன் ஜோடித் தாளும் பிடிப்பை இழந்துவிடும். ஏழாவது எருமையின் ஜோடி தனியாகக் கழன்று, அட்டைக்குள் செருகியிருந்தது. அதில் ஒரு தகர வாளி, பாதியில் நின்றுபோனது. கைப்பிடி எப்படித் தொங்கும் என்று மூன்று தடவை போட்டுப் பார்த்து விட்டிருக்கிறார். 'இது எதற்கு, குப்பை' என்றார். எனக்குக் கொடுங்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இருந்த இடத்திலேயே செருகிவைத்து, நூல் வாங்கி வந்து தைத்துவிடலாமே என்று மட்டும் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.